மேலைநாட்டார் நோக்கில் சோனகர்: திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

திருகோணமலைத் துறைமுகத்தின் எதிரே, கொட்டியாற்றுக் குடாவின் தென்கரையில் மூதூரும், தென்மேற்கே கிண்ணியாவும் அமைந்துள்ளன. இவ்விரு ஊர்களும் தோப்பூர், புல்மோட்டை முதலாய பிற ஊர்களும் இஸ்லாமிய மக்கள் நெடுங்காலமாக வாழும் இடங்களாகும். 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி திருகோணமலை மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் இவ்வினத்தவர். இவர்களைத் தமிழ்மொழி 'சோனகர்' என வழங்குகின்றது. ஐரோப்பியரோ 'மூர்' என வழங்கினர். ஒரே மக்களுக்கு இரு பெயர்கள் ஏற்பட்டதன் காரணத்தை ஆராயப்புகின், கிறித்தவ மேலைநாடுகள் இஸ்லாத்தைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டிருந்த எண்ணங்களும் அவை மாறிய வகையும் புலனாகும். அம்மாற்றத்தை ஐரோப்பிய நூல்களில் மட்டுமன்றி, இத்துறைமுகக் கரையிலும் காணலாம்.

மூன்று சொற்கள்

'சோனகர்' என்னும் சொல் 'யவனர்' என்பதனோடு தொடர்புடையதென அறிஞர் கொள்வர். மேற்றிசையிலிருந்து கடல் கடந்து வந்த வணிகரைத் தமிழர் யவனர் என்றனர். பின்னர் அராபியரையும் அவர்வழி வந்தோரையும் சோனகர் என்றனர். இச்சொல் வந்த திசையைக் குறிக்கின்றதேயன்றிச் சமயப் பகைமையைக் குறிக்கவில்லை.

'மூர்' என்பதன் வரலாறு வேறு. வட ஆபிரிக்காவின் மேற்குப் பகுதியை உரோமர் மௌரித்தானியா என்றனர். அங்கிருந்து 711இல் கடல் கடந்து ஸ்பானிய நாட்டை வென்ற முஸ்லிம்களை ஐபீரிய மக்கள் 'மூரோஸ்' என்றனர். அவர்களோடு பல நூற்றாண்டுகள் போர் நிகழ்ந்தது. போர்த்துக்கேயர் தம் நாட்டின் தென்கோடியை 1249இல் மீட்டனர். ஸ்பானியர் 1492இல் கிரனாடாவைக் கைப்பற்றினர். இவ்வாறு, பகைவனைக் குறிக்கும் பெயராக வளர்ந்த அச்சொல்லையே போர்த்துக்கேயர் கப்பலேற்றி வந்து, தாம் முன்பின் அறியாத மலையாளக் கரையினர்க்கும் இலங்கைக் கரையினர்க்கும் சூட்டினர்.

மூன்றாவது சொல் 'பறங்கி'. சிலுவைப்போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பியரை அராபியர் 'பிராங்கியர்' என்னும் பொருள்படப் பொதுவாக வழங்கினர். அப்பெயர் பாரசீக மொழியிலும் இந்திய மொழிகளிலும் புகுந்து, தமிழில் பறங்கி என்றாயிற்று. எனவே, 'மூர்', 'பறங்கி' என்னும் இரு சொற்களும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் நிகழ்ந்த போர்களின் எச்சங்களாம். அப்போர்களில் தமிழருக்கோ இலங்கை மக்களுக்கோ யாதொரு பங்கும் இருந்ததில்லை.

பறங்கியர் வருகைக்கு முன்

ஐரோப்பியர் வருவதற்கு முன் இத்தீவின் துறைகளில் வேற்றுச் சமயத்தார் ஒருங்கு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்றுகள் உள. 1411ஆம் ஆண்டைச் சேர்ந்த காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இஸ்லாமியர் வணங்கும் இறைவனையும் போற்றுகின்றன. ஒரே கல்லில் முச்சமயமும் இடம்பெற்றமை அக்காலக் கடல்வணிகத்தின் இயல்பைக் காட்டும். திருகோணமலையிலும் துறைமுகத்தை அடுத்த நிக்கல்சன் குடாப் பகுதியில் அரபு எழுத்துப் பொறித்த மீசான் கற்கள் கிடைத்துள்ளன. கோணேசர் கோயில் மலைமேல் விளங்கிய காலத்தில், மலையடிவாரத்துத் துறையில் முஸ்லிம் வணிகரும் வந்து தங்கினர் எனக் கொள்ளுதல் பொருந்தும்.

ஐரோப்பியப் பகைமையின் வேர்

இஸ்லாத்தைப் பற்றிக் கிறித்தவ உலகம் முதன்முதல் எழுதியவற்றுள் எட்டாம் நூற்றாண்டினரான தமஸ்கு நகர அருளப்பரின் நூல் குறிப்பிடத்தக்கது. அவர் இஸ்லாத்தைத் தனிச் சமயமாகக் கொள்ளாது, கிறித்தவத்திலிருந்து பிறழ்ந்த ஒரு கொள்கையாகவே கணித்தார். 1095இல் போப்பாண்டவர் இரண்டாம் உர்பன் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தபின், அக்கருத்து வேறுபாடு போர்ப்பகையாக மாறியது. 1143இல் குர்ஆன் முதன்முதலாக இலத்தீனில் பெயர்க்கப்பட்டது. குளூனி மடத்துத் தலைவர் பேதுரு இம்முயற்சியைத் தூண்டியவர். கெற்றன் ஊர் இறொபேட் மொழிபெயர்த்தவர். மறுப்பதற்காகவே அவர்கள் அந்நூலைக் கற்றனர். எனினும், வாளால் அன்றிச் சொல்லால் எதிர்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அங்குத் தோன்றியமை கருதத்தக்கது. அம்மொழிபெயர்ப்பு அச்சேற மேலும் 400 ஆண்டுகள் சென்றன. 1543இல் பாசல் நகரில் அது வெளிவந்தது.

ஆயின், 1415இல் சியூற்றா நகரைக் கைப்பற்றி ஆபிரிக்கக் கரைவழியே புறப்பட்ட போர்த்துக்கேய மாலுமிகளை அத்தகைய கல்வி எட்டவில்லை. அவர்கள் தம் உள்ளத்திற் கொண்டு வந்தவை பழைய போர்நினைவுகளே. 1498இல் வஸ்கொ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தபோது, மிளகு வணிகம் முஸ்லிம்கள் கையில் இருக்கக் கண்டார். சமயப் பகைவனும் வணிகப் போட்டியாளனும் ஒருவனாகவே தோன்றினான். இவ்விரு பகைகளும் ஒன்றாய்ப் பிணைந்தமையே பின்வந்த கொடுமைகட்கு மூலமாயிற்று.

பறங்கியர் காலம்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பை அடைந்த போர்த்துக்கேயர், கறுவா வணிகத்திலும் முஸ்லிம்களையே எதிரே கண்டனர். அவர்தம் பகைமையின் உச்சம் 1626இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு, தம் ஆட்சிக்குட்பட்ட நாட்டிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றுமாறு கட்டளை பிறந்தது. இதனைத் தனி நிகழ்ச்சியாகக் கருதலாகாது. 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின்கீழ் இருந்தன. அம்முடியின் ஆணையால், 1609க்கும் 1614க்கும் இடையில், ஸ்பெயினில் கிறித்தவராய் மதமாறியிருந்த மூர் மரபினர் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். அதனையடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதே கொள்கை இலங்கைக் கரையை எட்டியது.

இக்கட்டளையை நிறைவேற்றிய தேசாதிபதி கொன்ஸ்தந்தீன் த சா என்பவர். இப்பெயர் திருகோணமலைச் சைவ மக்கள் மறக்கவியலாத பெயராகும். 1620களின் தொடக்கத்தில் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை எழுப்பியவரும் அவரே. சைவரின் கோயிலை இடித்த கையும் சோனகரின் குடியைப் பெயர்த்த கையும் ஒன்றாய் இருந்தமையை இம்மாவட்டத்தின் இரு சமூகத்தாரும் நினைவிற் கொள்ளுதல் தகும். தம்பலகாமத்தில் அடைக்கலம் புகுந்த கோணேசப் பெருமானின் வரலாற்றைச் சைவர் போற்றுவர். துரத்தப்பட்ட சோனகருக்கு அடைக்கலமளித்தவன் கண்டியரசன் செனரத். அவர்களுட் பலரை அவன் கீழ்க்கரையில் குடியமர்த்தினான். மட்டக்களப்புப் பகுதியில் அமர்த்தப்பட்டோர் நாலாயிரவர் எனக் குவேறோஸ் பாதிரியார் எழுதியுள்ளார். பௌத்த மன்னன் ஒருவன் இஸ்லாமியக் குடிகளுக்குத் தன் நாட்டில் வயலும் மனையும் அளித்தமை, அக்கால ஐரோப்பாவில் காண்டற்கரியது. த சா 1630இல் இரந்தெனிவலைப் போரில் கண்டிப் படையால் கொல்லப்பட்டார்.

ஒல்லாந்தர் காலம்

1639இல் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இவர்கள் புரட்டஸ்தாந்தர், அந்நாளில் ஐரோப்பாவிலேயே அரபுக் கல்வியிற் சிறந்து விளங்கியவர். இலெய்டன் பல்கலைக்கழகத்தில் 1613இல் எர்ப்பேனியஸ் என்பார் அரபுப் பேராசிரியரானார். 1705இல் உத்ரெக் நகரத்து அறிஞர் இறெலாண்ட், இஸ்லாத்தைப் பற்றி ஐரோப்பியர் கூறிவந்த பல கருத்துகள் பிழையானவை என்பதை முஸ்லிம் நூல்களைக்கொண்டே விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். இத்தகைய கல்வியுடைய நாட்டார் ஆட்சியில் சோனகர்க்கு விடிவு பிறந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்த்தல் இயல்பு. நிகழ்ந்ததோ வேறு.

ஒல்லாந்தக் கம்பனியார் 1665இல் திருகோணமலையை மீண்டும் பிடித்தனர். 1668இல் மட்டக்களப்பையும் கொட்டியாற்றையும் கைக்கொண்டனர். கண்டியரசன் வெளிநாடுகளோடு வாணிகம் செய்தற்கிருந்த கீழ்க்கரைத் துறைகளை அடைத்தலே அவர் நோக்கம். பாக்கையும் துணியையும் கம்பனியின் தனியுரிமையாக்கிய தேசாதிபதி வான் கூன்ஸ், அவ்வாணிகத்தில் ஈடுபட்ட சோனகரைத் தடையாகவே கருதினார். கொழும்பில் கோட்டையினுள்ளும் புறக்கோட்டையிலும் சோனகர் வீடும் நிலமும் உடையராதல் தடுக்கப்பட்டது. ஊழியம் என்னும் கட்டாயச் சேவையும் அவர்மீது சுமத்தப்பட்டது.

இக்கொடுமைக்குச் சமயமே காரணமாயின், ஒல்லாந்தர் சகக் கிறித்தவரான கத்தோலிக்கரை ஆதரித்திருத்தல் வேண்டும். முஸ்லிம்கள் யாவரையும் ஒருங்கே வெறுத்திருத்தல் வேண்டும். ஆனால், 1658இல் அவர்கள் பிறப்பித்த ஆணை கத்தோலிக்கக் குருமாருக்கு மறைவிடம் அளிப்போர்க்கு மரணதண்டனை விதித்தது. மறுபுறம், சாவகத்திலிருந்தும் அயல் தீவுகளிலிருந்தும் கொணர்ந்த இஸ்லாமியரான மலாய்ப் போர்வீரரைக் கம்பனி தன் படையில் நம்பிக்கையோடு வைத்திருந்தது. ஒரே சமயத்தாருள் வணிகன் பகைவனாகவும் போர்வீரன் துணைவனாகவும் எண்ணப்பட்டான். ஆகவே, பறங்கியர் காலத்தில் ஒன்றாய்ப் பிணைந்திருந்த சமயப்பகையும் வணிகப்பகையும் ஒல்லாந்தர் காலத்தில் பிரியத் தொடங்கின. எஞ்சி நின்றது வணிகப்பகையே.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தர் போக்கிலும் நெகிழ்ச்சி தோன்றியது. 1770இல் தேசாதிபதி பல்க், சோனகரின் விவாக, மரபுரிமை வழக்குகளைத் தீர்ப்பதற்காக முஸ்லிம் சட்டத் தொகுப்பொன்றைப் பத்தாவியாவிலிருந்து பெற்றார். 1786இல் திருகோணமலை அதிகாரி வான் சென்டன் கொட்டியாபுரம், தம்பலகாமம் முதலிய பற்றுகளைச் சுற்றிப்பார்த்து நாட்குறிப்பொன்று எழுதினார். குளமும் வயலும் குடிகளும் எந்நிலையில் உள்ளன என்பதே அவர் கருத்தாயிருந்தது. துரத்தப்படவேண்டியவராக எண்ணப்பட்டோர், நிலத்தைத் திருத்தும் குடிகளாக எண்ணப்படலாயினர்.

ஆங்கிலேயர் காலம்

ஆங்கிலேயருக்கும் இக்கரைக்குமுள்ள தொடர்பு அவர் ஆட்சிக்கு முற்பட்டது. 1659ஆம் ஆண்டின் இறுதியில் 'ஆன்' என்னும் கப்பல் பாய்மரம் பழுதுற்று, கொட்டியாற்றுக் குடாவை அடைந்தது. பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் அதில் வந்திருந்தனர். மறு ஆண்டில் கண்டியரசனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டோருள் இறொபேட் நொக்ஸ் ஒருவர். அவர் 1679இல் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் சோனகரைப் பற்றியும் குறிப்புகள் உள. கண்டி நகரில் அவர்க்கு ஒரு பள்ளிவாசல் இருந்ததையும், முன்னை மன்னர் நிலமுடைய ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்குமாறு விதித்திருந்ததையும் அவர் எடுத்துரைக்கின்றார். பக்தி மிக்க கிறித்தவரான நொக்ஸ் இதனைப் பழித்துரைக்காது, கண்டவாறு எழுதியமை கவனிக்கத்தக்கது. அவருக்குச் சோனகரோடு வணிகப் போட்டியுமில்லை; அவரை ஆளும் அதிகாரமுமில்லை.

1782இல் திருகோணமலை ஆங்கிலேயரிடமும், அதே ஆண்டிற் பிரெஞ்சுக்காரரிடமும் கைமாறி, மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்து, 1795இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று. பத்தாவியாவிலிருந்து பெற்ற சட்டத் தொகுப்பு, சோனகத் தலைவரோடு ஆராய்ந்து திருத்தப்பட்டு, 1806இல் சட்டமாக வெளியிடப்பட்டது. முதலிற் கொழும்புப் பகுதிக்கெனப் பிறந்த அது, 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பிற பகுதிகட்கும் விரிந்தது. கொழும்பில் வீடு, நிலம் உடைமை பற்றிய தடை 1832இல் நீங்கியது.

இம்மாற்றத்தில் பெரும் பங்குகொண்டவர், இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன். 1827இல் இலண்டன் இராச ஆசிய சங்கத்திற்கு அவர் எழுதிய கடிதத்தில் இலங்கைச் சோனகரின் மரபுரையைத் தொகுத்தளித்தார். அப்துல் மலிக் என்னும் கலீபாவின் கொடுமைக்கு அஞ்சி அரபு நாட்டை விட்டகன்ற ஹாஷிம் குலத்தார் இத்தீவின் எட்டு இடங்களில் குடியேறினர் என்பது அம்மரபுரை. அவ்வெட்டனுள் திருகோணமலையும் ஒன்று. அரிஸ்டோட்டில், யூக்கிளிட் முதலியோர் நூல்களின் அரபு மொழிபெயர்ப்புகள் இங்குள்ள சோனகரிடம் இருந்ததையும் அவர் தெரிவித்துள்ளார். மரபுரையின் ஒவ்வொரு கூற்றையும் வரலாற்றுண்மையாகக் கொள்ளல் இயலாது. ஆயினும், ஐரோப்பிய நீதிபதி ஒருவர் இம்மக்களிடமே அவர் வரலாற்றைக் கேட்டறிந்து மதிப்போடு எழுதியமை, இக்கரையைப் பொறுத்தவரை பெருமாற்றமாகும். பறங்கியர் 'மூர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆராயாமலே தீர்ப்பளித்தனர். ஜோன்ஸ்ரன் அச்சொல்லுக்குப் பின்னுள்ள மக்களை விசாரித்தார்.

ஐரோப்பாவிலும் இதற்கான சூழ்நிலை தோன்றியிருந்தது. ஜோர்ஜ் சேல் 1734இல் குர்ஆனை அரபிலிருந்து ஆங்கிலத்திற் பெயர்த்து, நடுநிலை தழுவிய முன்னுரையும் எழுதினார். 1840 மே 8இல் கார்லைல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவில், நபிகள் நாயகம் வஞ்சகர் என்ற பழைய கூற்றை மறுத்து, அவர் நேர்மையாளர் எனப் போற்றினார். 1896இல் ஆர்னல்ட் என்பார், இஸ்லாம் வாளால் மட்டுமே பரவியது என்ற எண்ணத்தை மறுத்து நூல் எழுதினார்.

எனினும், நூலகத்தில் எழுந்த மதிப்பு நீதிமன்றப் படியை எளிதில் ஏறவில்லை. 1905இல் முஸ்லிம் வழக்கறிஞரான அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து உயர்நீதிமன்றத்தில் தோன்றுதல் தடுக்கப்பட்டது. தீவெங்கும் முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்த பின்னரே அத்தடை தளர்ந்தது. இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். எகிப்தில் கலகக்காரர் எனப்பட்டவர் இங்கு ஆளுநர்களாலும் மதிக்கப்பட்டார். 'முஸ்லிம் நேசன்' இதழாசிரியர் சித்திலெவ்வை முதலியோரோடு அவர் கல்விப்பணிக்குத் துணைநின்றார். 1892இல் தொடங்கிய பாடசாலையே பின்னாளில் சாகிறாக் கல்லூரியாக வளர்ந்தது. பிறர் தம்மைப்பற்றி எழுதுவதை எதிர்பார்த்திராது, சோனகர் தாமே எழுதவும் கற்பிக்கவும் தொடங்கிய காலம் அது.

இருபதாம் நூற்றாண்டும் அதன் பின்னும்

1930இல் வெளிவந்த ஒரு நூல் இம்மாற்றத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினேழாம் நூற்றாண்டு யேசுசபையினரான குவேறோஸ் எழுதிய இலங்கை வெற்றி வரலாற்றை, இலங்கையரான யேசுசபைக் குரு எஸ். ஜி. பெரேரா ஆங்கிலத்தில் பெயர்த்தார். கோயில் இடிப்பும் சோனகர் வெளியேற்றமும் பற்றி இன்று அறியக்கிடப்பனவற்றுட் பல, அச்செயல்களைச் செய்தோரின் தரப்பிலிருந்தே பெறப்பட்டவை. தம் சபையின் பழம்பிழைகளையும் காட்டக்கூடிய ஏட்டை மறைக்காது வெளியிட்டமை நேரிய செயலாம்.

சமய நிலையிலும் 1965 அக்டோபர் 28இல் திருப்பம் நேர்ந்தது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் அன்று வெளியிட்ட அறிக்கை, முஸ்லிம்கள் ஒரே இறைவனை வணங்குவோர் என மதிப்புடன் குறிப்பிட்டு, பழம்பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முயலுமாறு வேண்டியது. சிலுவைப்போருக்கு அழைப்புப் பிறந்து 870 ஆண்டுகளின் பின், அதே திருச்சபையிடமிருந்து இச்சொல் பிறந்தது.

அச்சொல்லின் வலிமை இலங்கையில் 2019 ஏப்ரல் 21இல் சோதனைக்குள்ளாயிற்று. உயிர்த்த ஞாயிறன்று கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் தீவிரவாதிகள் நிகழ்த்திய குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த மாதம் வடமேற்கு மாகாணம் முதலிய இடங்களில் குற்றமற்ற முஸ்லிம்களின் கடைகளும் இல்லங்களும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவ்வேளை கர்தினால் மல்கம் இரஞ்சித், பழிவாங்க முற்படலாகாது எனக் கத்தோலிக்கரை வேண்டினார். 1626இல் ஒரு கிறித்தவ அரசு குற்றமற்ற மக்களைச் சமயம் நோக்கித் துரத்தியது; 2019இல், கொடிய இழப்பின் நடுவே, சிலர் குற்றத்தைச் சமூகத்தின் மேல் ஏற்றலாகாது என ஒரு கிறித்தவத் தலைவர் கூறினார். வன்செயல் முற்றாகத் தடைப்படவில்லை. ஆயினும், சமயத் தலைமையின் குரல் எப்பக்கம் நின்றது என்பதே இங்கு நோக்கற்பாலது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவன இரண்டு. அறிவு வளர்ந்தமையால் மட்டும் மேலைநாட்டார் மனம் மாறவில்லை. இலெய்டனில் அரபுக் கல்வி செழித்த காலத்திலேயே திருகோணமலைத் துறை சோனக வணிகர்க்கு அடைக்கப்பட்டது. ஆதாயப் போட்டி ஓய்ந்த பின்னரே அறிவின் குரல் அதிகாரிகளின் செவியை எட்டியது. எனினும், அறிவு பயனற்றதாகவும் போகவில்லை. போட்டி ஓய்ந்தபோது கைக்கொள்வதற்கு இறெலாண்டும் சேலும் போன்றோர் தேடிவைத்த உண்மைகள் ஆயத்தமாயிருந்தன. அவை இல்லாதிருப்பின், அதிகாரிகளுக்குக் கைக்கொடுப்பது பழைய பகைச்சொல்லே ஆயிருக்கும்.

இன்றும் இலங்கை அரசின் ஆவணங்களில் ஆங்கிலப் பகுதி இம்மக்களை 'மூர்' என்றும், தமிழ்ப் பகுதி 'இலங்கைச் சோனகர்' என்றும் வழங்குகின்றன. போர்க்களத்திற் பிறந்த முதற்சொல், அக்களத்தை அறியாத மக்களின் பெயராய்ப் பகைமை நீங்கி நிலைத்துவிட்டது. வாணிகத் துறையிற் பிறந்த இரண்டாவது சொல்லுக்கு அத்தகைய திருத்தம் தேவைப்படவில்லை. அயலவரைக் குறிக்கத் தமிழிற் பகையற்ற சொல்லொன்று முன்பே இருந்ததென்பது பெருமைக்குரியதே. அச்சொல்லுக்கேற்ற நட்பு மூதூரிலும் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரிலும் நிலைபெறச் செய்தல், கோணேசர் கோயிலின் இடிபாட்டையும் சோனகர் குடிபெயர்ப்பையும் ஒருங்கே கண்ட இம்மாவட்டத்து மக்களின் கடன்.